அர்விட் லொக்கனின் ஆயில் சனிக்கிழமை

அர்விட் லொக்கனைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால், அவன் தன் வண்டி எப்படி இருக்கிறது என்று பதில் சொல்லுவான். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். டோவ்ரே ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. ஐம்பதைத் தாண்டி நெடுநாளாகியும் கல்யாணம் ஆகாத மனிதன். வீட்டில் அவனும் ஒரு ரேடியோவும்தான். அந்த ரேடியோவும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாது. பிறகு அவன் எதைப் பற்றித்தான் பேசுவான்?

மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது அவன் வேலை. மினசோட்டாவில் அது சின்ன வேலை இல்லை. நவம்பரில் லாரிக்குள் ஏறி உட்கார்ந்தால் ஏப்ரலில்தான் ஆள் மனிதனாகக் கீழே இறங்குவான். சாலையெல்லாம் உப்பைத் தூவிக்கொண்டே போவான். அந்த உப்பு யார் யார் காரின் அடிவயிற்றைத் தின்னப்போகிறதோ என்று கவலைப்பட்டுக்கொண்டே திரும்புவான். ஊரார் காரைத் துருப்பிடிக்க வைக்கச் சம்பளம் வாங்குகிறவன், அந்தப் பாவத்தைக் கழுவத்தான் ஓயாமல் ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று டுவேன் சொல்லுவான். டுவேன் அவனோடு ஒரே ஷெட்டில் வேலை பார்ப்பவன், தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருபவன், அர்விட்டைக் கிண்டல் செய்வதற்கென்றே ஆண்டவர் தனியாக அனுப்பிவைத்தவன்.

ஆயில் விஷயத்தில் அர்விட்டுக்கு ஒரு கொள்கை உண்டு. தன் காருக்குத் தானே ஆயில் மாற்றாதவன், தன் பிள்ளைக்குப் பேர் வைக்க அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன். கடையில் விட்டால் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று தெரியாது. அடி போல்ட்டை ஆத்திரம் தீர முறுக்கி வைத்திருப்பார்கள். மறுமுறை கழற்ற ஆனைப் பலம் வேண்டும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. அடியில் படுத்தால்தான் காரைப் பார்க்க முடியும் என்பது அவன் கட்சி. மேலே நாம் பார்ப்பதெல்லாம் பெயிண்ட். எங்கே துரு அரிக்கிறது, எந்த ரப்பர் வெடித்திருக்கிறது, எங்கே ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது என்பதெல்லாம் மல்லாந்து படுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப் பார்த்துவைத்தவன் ஜனவரி மாதத்தில் நடுக்காட்டில் வண்டி நின்றுபோய் விறைத்துச் சாக மாட்டான். அடக்கம் முடிந்து நடக்கிற சாப்பாட்டில் உட்கார்ந்துகூட அர்விட் இதையெல்லாம் சொல்லியிருக்கிறான். செத்துப்போனவர் கடையில் ஆயில் மாற்றியவர் என்பதை மட்டும் அன்றைக்கு நாகரிகமாக விட்டுவிட்டான்.

டோவ்ரே லூத்தரன் தேவாலயத்தில் ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை, பனிக்கு முன்னால் ஒன்று, பனி உருகிய பிறகு ஒன்று, ஆண்கள் சங்கத்தார் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, கார்கள் நிறுத்துகிற தேவாலய வாசலில் இறங்குவார்கள். விதவைகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களானாலும் சரி, காரைக் கொண்டுவந்து விட்டால் இலவசமாக ஆயில் மாற்றித் தருவார்கள். காரை விட்டதும் பெண்கள் உள்ளே கூடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே கோப்பையின் அடி தெரிகிற நீர்த்த காபி இருக்கும். கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் இருக்கும். யார் பெற்ற பிள்ளை எங்கே யாரோடு போனது என்கிற பேச்சும் இருக்கும். வெளியே ஆண்கள் முனகிக்கொண்டே குனிவார்கள், முனகிக்கொண்டே நிமிருவார்கள்.

லோர்னா தீலன் அங்கே வந்தது ஒரு புதுமை. அவள் ஆற்றுக்கு மறுகரைக் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்தவள். டோவ்ரேயில் லூத்தரன்காரரும் கத்தோலிக்கரும் சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதைவிடக் கடுமையாக, மரியாதையாக இருப்பார்கள். இந்தக் கரையார் அந்தக் கரைக்குப் போக வேண்டுமானால் யாராவது சாக வேண்டும், இல்லையென்றால் தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்க வேண்டும். லோர்னாவின் கணவன் இறந்துபோய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அவள் கிராமத்துப் பக்கம் தபால் கொண்டுபோகிறவள். சொந்தக் காரிலேயே தபால் போடுகிற வேலை. பெட்டிக்குப் பெட்டி நின்று நின்று, மண்சாலைப் புழுதியெல்லாம் குடித்து ஓடுகிற அந்த வேகன் காருக்கு ஆயில் எவ்வளவு மாற்றினாலும் போதாது.

அவள் முதல் தடவை வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில். மற்றவர்கள் காபிக்குப் போக, அவள் மட்டும் காரை விட்டு நகரவில்லை. காருக்கு அடியிலிருந்து வெளியே நீண்டுகொண்டிருந்த அர்விட்டின் பூட்ஸைப் பார்த்து, ஆயில் போகப் போக ஏன் கறுக்கிறது என்று கேட்டாள்.

அர்விட்டிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்காமல் அவன் சொன்னதுதான் உண்டு. அவன் அடியில் கிடந்தபடியே பதில் சொன்னான். சூட்டையும் கரியையும் சொன்னான். கறுத்த ஆயில் கெட்ட ஆயில் இல்லை, எஞ்சினின் அழுக்கைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட ஆயில் என்றான். கறுக்காத ஆயிலை நம்பவே கூடாது என்றான். சொல்லி முடித்தபோது ஆயில் வடிந்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் போய்விட்டிருப்பாள் என்று நினைத்தான். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

அவ்வளவுதான். ஆள் விழுந்தான்.

அன்றிலிருந்து ஊராருக்கெல்லாம் வருடத்தில் நான்கு பருவம், அர்விட்டுக்கு இரண்டு சனிக்கிழமை. நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்பு. போன் செய்யலாம்தான். ஆனால் காரணமில்லாமல் ஒரு பெண்ணுக்குப் போன் செய்வது, அவன் வளர்ந்த வீட்டில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் மட்டும் செய்கிற காரியம். அவள் தபால் போடுகிற பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தால் தினமும் ஒரு தடவையாவது கண்ணில் படுவாளே என்று விசாரித்துப் பார்த்தான். வந்த ஒரே வீட்டுக்குக் கூரை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து மறுகரைக்கு மீன் விருந்துக்குப் போனான். அங்கே கோஸ் சாலட் அள்ளி வைப்பவள் லோர்னாதான். அவன் தட்டை நீட்டினான், அவள் வைத்தாள். மறுபடி வரிசையில் நின்று மறுபடி நீட்டினான். மூன்றாம் தடவை அவள், இவ்வளவு பிடிக்குமா என்று கேட்க, பிடிக்கும் என்று தலையாட்டினான். பிறந்ததிலிருந்து அவனுக்குக் கோஸ் ஆகாது. அன்று பட்டபாடு அவனுக்குத்தான் தெரியும்.

பனிக்காலத்தில் மட்டும் அவன் கையில் ஒரு காரியம் இருந்தது. பனி தள்ளும் லாரிக்காரர்கள் போகிற வேகத்தில் ரோட்டோரத் தபால் பெட்டிகளைச் சாய்த்துவிட்டுப் போவது நாட்டு வழக்கம். லோர்னா போகிற வழியில் மட்டும் ஒரு பெட்டிகூடச் சாய்ந்ததில்லை. ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் அர்விட் லாரியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் பனியை ஒதுக்கிவிட்டுப் போவான். அந்தச் சாலை சாப்பிடுகிற மேசை மாதிரி இருக்கிறது, எங்கள் பால் வண்டி போகிற சாலையில் மாடு மூழ்குகிறது என்று பண்ணைக்காரர்கள் மாவட்ட ஆபீஸில் புகார் சொன்னார்கள். யார் செய்தது என்று லோர்னாவுக்குத் தெரியாது. தெரியும்படி செய்கிற வித்தையும் அவனுக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் பிப்ரவரி மாதம் பாஸ்டர் கிர்ஸ்டன் ஆண்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். சங்கத்தாரின் முழங்கால்களைப் பற்றி அந்த அம்மா அன்பாகப் பேசத் தொடங்கினார். போன ஆயில் சனிக்கிழமையில் காருக்கு அடியில் போன ஒருவரை வெளியே எடுக்க இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்ததை நினைவுபடுத்தினார். இனி நீங்கள் செய்துதர வேண்டாம், சொல்லித் தாருங்கள், நாங்களே செய்துகொள்கிறோம் என்று பெண்கள் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்திருப்பதாகவும் சொன்னார். பனி உருகியதும் வருகிற சனிக்கிழமையை வகுப்பாக நடத்திவிடலாம். அத்தோடு ஆயில் சனிக்கிழமைக்கு மங்களம் பாடிவிடலாம். பாடம் சொல்ல அர்விட்டை விட்டால் யார் இருக்கிறார்கள்?

யோசனை யாருடையது என்று டுவேன் கேட்டான். லோர்னா தீலன் என்றார் பாஸ்டர்.

அர்விட்டுக்கு நெஞ்சுக்குள் ஒரு போல்ட் கழன்று விழுந்தது. அவள் கற்றுக்கொண்டால் வர மாட்டாள். அவள் வராவிட்டால் அவனுக்கு வருடம் என்று ஒன்றே இல்லை. அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? இத்தனை வருடம் ஊர் காது புளிக்க அவன்தானே சொன்னான், அவரவர் காருக்கு அவரவர் ஆயில் மாற்ற வேண்டும் என்று? "பாக்கலாம்" என்றான். டோவ்ரேயில் பார்க்கலாம் என்றால் செத்தாலும் முடியாது என்று பொருள். மேசையைச் சுற்றியிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அது விளங்கியது. பாஸ்டர் சிகாகோவிலிருந்து வந்தவர். ரொம்ப நன்றி என்று சொல்லி அவன் பேரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டில் டுவேன் வழி சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுரு. அவ வீட்ல போய்ச் செய்வா, ஏதாவது கோளாறாகும். உனக்குத்தான் போன் வரும்."

"எஞ்சின் போயிரும், டுவேன்."

"போகட்டுமே. நீ எஞ்சினையா கட்டிக்கப்போற?"

அர்விட் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மற்ற நாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் டுவேன் அதைக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. புதுத் தார் போட்ட பிறகு தேவாலய வாசலுக்கு அது முதல் ஆயில் சனிக்கிழமை. முந்தைய இலையுதிர் காலத்தில், ஆயில் சனிக்கிழமை முடிந்த பிறகுதான், வாசல் முழுக்கத் தார் போட்டிருந்தார்கள். அதற்கு நிதி திரட்டிய குழுவுக்குத் தலைவன் டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எத்தனையோ வயிறுகளுக்கு வாஃபிள் சுட்டுப்போட்டுச் சேர்த்த தார் அது. பனிக்காலம் முழுக்க அதை யாரும் சரியாகப் பார்க்க முடியவில்லை. இப்போது கண்ணாடிபோல் கறுப்பாக விரிந்து கிடந்தது. டுவேன் விளக்குமாறும் கையுமாக நின்று, வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், தார் தேயும் என்று வருகிறவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு காருக்கு அடியிலும் அட்டை விரித்துவைத்திருந்தான்.

அர்விட் ஒரு முடிவோடு வந்திருந்தான். தப்பாகச் சொல்லித்தர அவனால் ஆகாது. ஆனால் இந்த வேலையில் உள்ள கஷ்டத்தை முதலில் எடுத்துச் சொல்வதில் தப்பில்லை. கேட்டுவிட்டு லோர்னாவே இது நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

கூடத்தில் பெண்கள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். லோர்னா முன்வரிசையில், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, எங்கிருந்தோ பிடித்த ஒரு மெக்கானிக் உடுப்போடு இருந்தாள்.

"இது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. கை பூரா கறுப்பாகும். கழுவவே அரை மணி நேரம் ஆகும்" என்று அர்விட் ஆரம்பித்தான். நிறுத்தினான். பாதி உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அது. "ஆனா அந்த அரை மணி நேரம் வீட்ல ஒருத்தரும் உங்கள வேற வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தரை குளிரும், முதுகு பிடிக்கும் என்றான். ஆனால் அடியில் படுத்திருக்கும்போது வாசலில் யார் வந்தாலும் நீங்கள் வீட்டில் இல்லாத மாதிரிதான் என்பதும் கூடவே வந்துவிட்டது. பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து மாவட்டக் குப்பைக் கிடங்குவரை அலைய வேண்டும் என்றான். அங்கே ஜனங்கள் தூக்கிப்போட்டிருக்கிற நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து வரலாம் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. கடையில் உங்களை உட்காரவைத்து, இது போச்சு, அது போச்சு, இதையும் மாற்றுங்கள் என்பார்கள். நீங்களே அடியில் போய்ப் பார்த்துவிட்டால் யாரும் உங்களிடம் கதை விட முடியாது என்று அவன் சொன்னபோது அதில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. முடித்தபோது கை தட்டினார்கள். கார் இல்லாத ஒரு பாட்டிகூட, காபிக்காக மட்டும் வந்தவள், எனக்கும் சொல்லிக்கொடு என்றாள்.

பின்னாலிருந்து டுவேன் காதருகே வந்து, "நல்லா இருந்துச்சுப்பா. உன் குழிய நீயே தோண்டிட்ட" என்றான்.

ஒரு விஷயத்தை மட்டும் அர்விட் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆயிலை வடிகட்டுகிற பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். சில நேரம் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் வளையத்துக்கு மேல் வளையம். எஞ்சினை ஓட்டிய மறுகணம் ஆயில் பூராவும் பீச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். கூடத்தில் சொன்னான், படியிறங்கும்போது சொன்னான், வெளியே வந்தும் சொன்னான். கடைசியில் அவன் வாயைத் திறந்ததுமே பெண்கள், "வளையம்" என்றார்கள்.

செய்துகாட்ட லோர்னாவின் காரைத்தான் எடுத்தார்கள். முன்சக்கரம் இரண்டையும் சாய்வுப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருந்தது. அர்விட் அட்டையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். பக்கத்தில் இன்னொரு உடம்பு சரசரவென்று நகர்ந்து வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக லோர்னாவின் முகம் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் ஒரு ஆயில் சட்டி.

போல்ட்டை அவளே கழற்றினாள். கடைசி மரையில் விரலால் அழுத்திப் பிடித்து, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஆயில் கறுப்புக் கயிறாக இறங்கியது. போல்ட் அவள் கையிலேயே இருந்தது. முதல் தடவையிலேயே போல்ட்டைச் சட்டிக்குள் நழுவவிடாத ஆளை அர்விட் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்குப் பெருமையாக இருந்தது. இவளுக்கு இனி யாரும் தேவைப்படாது என்பதும் அதே நொடியில் உறைத்தது. ஃபில்டர் இறுகியிருக்கும், அதை மட்டும் நான் கழற்றுகிறேன் என்றான்.

அவன் ஃபில்டரைத் திருகிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"இதோட முடிஞ்சுதாமே அர்விட். இனிமே இந்தச் சனிக்கிழமை கெடையாதாமே."

"கெடையாது."

"கஷ்டமா இல்ல உங்களுக்கு?"

கையில் பழைய ஃபில்டர் வந்திருந்தது. அதை ஓரமாக வைத்தான். புதியதை எடுத்தான். பொருத்தினான். முறுக்கினான்.

"முழங்காலுக்கு நல்லதுதான்" என்றான்.

பிறகு அடி போல்ட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு மேலே வந்து அவள் புது ஆயிலை ஊற்றினாள். அளவுக் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தாள். டுவேன் குனிந்து அட்டையைச் சோதித்தான். ஒரு சொட்டுகூட இல்லை. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் பார்க்கச் சட்டியை நகர்த்திவிட்டு அட்டையை உருவி எடுத்துத் தூக்கிக் காட்டினான். லோர்னா எஞ்சினை ஓட்டினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காருக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு தகடு புறப்பட்டது. புதுத் தாரில் தடங்கல் ஏது? வாசலின் சரிவைப் பிடித்து, அகலமாகி, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு ரோட்டோரத்துத் தேவாலயப் பெயர்ப்பலகையை நோக்கிப் போயிற்று. டோவ்ரேயில் யாரும் கத்த மாட்டார்கள். ஒரு பெண் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் கசிகிற மாதிரி இருக்கிறது என்றாள். இதுவும் பாடத்தில் இருக்கிறதா என்று பாஸ்டர் கேட்டார். உள்ளே ஆயில் குறைகிறது என்று எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்து லோர்னாவே எஞ்சினை அணைத்தாள்.

அவள் இறங்கி அடியில் போனாள். வெளியே வந்தபோது புது ஃபில்டரும் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு ரப்பர் வளையமும் கையில் இருந்தன. கார் இல்லாத பாட்டி அர்விட்டின் தோளைத் தட்டி, "பழைய வளையம் வந்துச்சான்னு பாக்கணும் தம்பி" என்று பக்குவமாகச் சொன்னாள்.

டுவேன் வீட்டுப் பூனைக்குக் கக்கூஸாகப் போடுகிற, ஈரம் உறிஞ்சுகிற மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆயில்மேல் கொட்டினான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொட்டிக்கொண்டே அர்விட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"அவகிட்டச் சொல்லாம விடுன்னுதானே சொன்னேன். என் தார்ல கொட்டச் சொன்னேனா?"

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவன் நினைப்பு. சொல்லிவிட்டு ஆயில் ஓடையின் முன்னால் போய் மறிக்க அவன் மூட்டையோடு ஓடினான். லோர்னா வளையத்தைக் கையில் பிடித்தபடி அர்விட்டின் எதிரில் வந்து நின்றாள்.

"எங்கிட்ட என்ன சொல்லாம விடச் சொன்னாரு?"

அர்விட்டுக்குக் காது சிவந்தது. "ஒண்ண மறைச்சுச் சொல்லிக்குடுன்னான். மாட்டேன்னுட்டேன். நான் எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னேன்."

"சொன்னீங்க. செய்யலையே."

"நீங்க கேட்டீங்கல்ல, கஷ்டமா இல்லயான்னு. அப்ப பாக்காம விட்டுட்டேன்."

"முழங்காலுக்கு நல்லதுன்னீங்க."

"அது முழங்காலுக்கு." அவன் தரையைப் பார்த்தான். தரை முழுக்க ஆயில். "எனக்கு நல்லதில்ல. நீங்க கத்துக்கிட்டா இங்க வர மாட்டீங்க. வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் உங்களப் பாக்கறது. அதுவும் இன்னியோட போச்சுன்னு நெனச்சுட்டே இருந்தேனா, கை அதுபாட்டுக்கு முறுக்கிருச்சு."

எஞ்சினைப் பற்றி இல்லாமல் அவன் பேசியதில் அதுதான் ஆக நீளமானது. பேசி முடித்ததும் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் லாரி ஷெட்டில் இருந்தது.

லோர்னா கந்தல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "என் கொழுந்தன் வீட்டுப் பின்னாலயே மெக்கானிக் ஷெட் வச்சிருக்கான். வா வான்னு உசுர வாங்கறான். எங்க சாமியாரே கேட்டாரு, ஆயில் மாத்த லூத்தரன் கோவிலுக்குத்தான் போகணுமான்னு. நான் எதுக்கு இங்க வர்றேன்னு நெனக்கிறீங்க?"

"ஆயில் நல்ல ஆயில்" என்றான் அர்விட். அவனுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

"மூணு வருஷமா நான் ரெண்டு பூட்ஸ்கிட்டப் பேசிட்டு இருக்கேன், அர்விட். வெளிய வருவீங்கன்னு நின்னு நின்னு பாத்தேன். நீங்க அடுத்த காருக்கு அடியில போயிருவீங்க. பூட்ஸுக்கு மேல இருக்கற ஆளப் பாக்கணும்னா நானும் அடியில வந்தாத்தான் உண்டுன்னு தோணுச்சு. அதுக்குத்தான் பாஸ்டரம்மாகிட்ட வகுப்பு வைக்கச் சொன்னேன்."

அர்விட் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான். இத்தனை நாள் தனக்கு வரவேண்டியதையெல்லாம் நடுவில் நின்று வாங்கிக்கொண்ட பங்காளிகளைப் பார்க்கிற பார்வை அது.

"சரி, ஒத்த வளையத்தோட போடுங்க. நான் புடிச்சுக்கறேன்" என்றாள் லோர்னா.

இந்த முறை இரண்டு பேரும் பார்த்தார்கள், விரலால் தடவியும் பார்த்தார்கள். அன்று மற்றப் பெண்கள் எல்லோரும் அவரவர் காருக்கு அவரவரே மாற்றிக்கொண்டு போனார்கள். ஒரு காரும் ஒழுகவில்லை. ஆசிரியர் இருக்கிற லட்சணத்துக்கு மாணவிகள் பரவாயில்லை என்று ஹாட்டிஷ் பாத்திரம் காலியாகும்வரை பேச்சு நடந்தது.

டுவேனால் மட்டும் சாப்பிட முடியவில்லை. மண்ணைக் கூட்டி அள்ளிய பிறகும் தாரில் பெயர்ப்பலகைவரை பளபளவென்று ஒரு கறை நின்றது. கொட்டியவர்களே சுத்தம் செய்ய வேண்டும் என்று அவன் குழு கூடித் தீர்மானம் போட்டது. கொட்டியது யார் என்பதில் அர்விட் பேரை மட்டும்தான் போட்டிருந்தார்கள். கார் என்னுடையது, சாவியைத் திருப்பியது என் கை என்று லோர்னா தானும் பேரைச் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் சோப்பும் வாளியும் நார்ப் பிரஷ்ஷுமாக வந்தார்கள். ஒரே நாளில் அடித்துத் தேய்த்தால் முடிகிற வேலை. அதை அவர்கள் தேய்த்த விதத்தைப் பார்த்தால் பல் துலக்குகிறார்களோ என்று தோன்றும். ஒரு கை அளவு தேய்ப்பார்கள், பிறகு பின்கதவைத் திறந்துபோட்டு வேகன் காரின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைச் சாப்பிடுவார்கள். அவள் கேட்பாள், அவன் சொல்லுவான். கியர் ஆயில் வந்தது, பிரேக் ஆயில் வந்தது. கோடை பிறந்தபோது அவன் அம்மாவின் சமையல் வந்தது, அவள் கணவன் மீன் பிடிக்கப் போன கதை வந்தது, கோஸ் ஆகாது என்கிற உண்மையும் ஒருநாள் வந்தது. லோர்னா சிரித்த சிரிப்பு கூடத்துக்குள் கேட்டு, பாஸ்டர் ஜன்னலை மெதுவாகச் சாத்தினார். ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையாக, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

என்னதான் மெதுவாகத் தேய்த்தாலும் கறைக்கும் ஒரு முடிவு உண்டு. ஜூலையில் ஒரு சனிக்கிழமை டுவேன் சோதனைக்கு வந்தான். ரோட்டோரம் போய் நின்று பார்த்தான். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தான். அர்விட் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலதிகாரி ஷெட்டை மூடுகிறேன் என்று சொல்லப்போவதைக் கேட்கிற மாதிரி நின்றான்.

"கறை போச்சு" என்றான் டுவேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. "போனது சரி. தேச்ச எடம் மட்டும் வெளுத்துக் கெடக்கே. சுத்தியும் கருகருன்னு இருக்கு, நடுவுல இது மட்டும் சாம்பல் பூத்து. ரோட்லருந்து பாத்தா இப்ப இதுதான் கறை மாதிரி தெரியுது."

லோர்னா இடுப்பில் கைவைத்து வாசலை ஒரு முறை பார்த்தாள். கூடத்துப் படியிலிருந்து ரோடுவரை, கல்லறைத் தோட்டத்து வேலியிலிருந்து மணிக்கூண்டுவரை, கார்கள் வரிசை வரிசையாக நிற்கிற மொத்த வாசலையும் பார்த்தாள்.

"அப்ப மீதியையும் இதே மாதிரி தேச்சுட்டா எல்லாம் ஒண்ணாயிரும்" என்றாள்.

அதற்கு எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா என்று டுவேன் கேட்டான். பதிலுக்காக அவன் அர்விட்டைத் தேடினான். அர்விட் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான்.